போர்ப் படங்களில் அப்பட்டமான வன்முறைக் காட்சிகள் நியாயமானவையா?

போர்த் திரைப்படங்களில் குருதியையும் சிதைந்த உடல்களையும் மறைக்காமல் காட்டலாமா என்றால், அக்காட்சி யாருடைய பக்கம் நின்று எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே விடை அமையும் என்பது என் கருத்து.

1998-இல் வெளிவந்த ‘சேவிங் பிரைவேட் ரையன்’ படத்தின் தொடக்கத்தில், இரண்டாம் உலகப் போரின்போது 1944 ஜூன் 6 அன்று பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலுள்ள ஒமாஹா கடற்கரையில் அமெரிக்க வீரர்கள் தரையிறங்கும் காட்சி இருபது நிமிடங்களுக்கும் மேல் நீள்கிறது. படகின் முன்கதவு திறந்த கணத்திலேயே முன்வரிசையினர் சுடப்பட்டு வீழ்வதும், துண்டான தன் கையை ஒருவர் குனிந்து எடுத்துச் செல்வதும் பார்க்கக் கடினமானவை. ஆயினும், அங்கே ஒருவர் பிழைத்ததும் மாண்டதும் வீரத்தால் அன்று, நின்ற இடத்தால்தான் என்னும் உண்மையை வேறு வகையில் உணர்த்துவது அரிது. பழைய ஹாலிவுட் படங்கள் பலவற்றில், குண்டடிபட்டவர் நெஞ்சைப் பிடித்தபடி சட்டை கசங்காமல் சாய்வார். என்னைக் கேட்டால், அந்தப் பொய்தான் கூடுதல் ஆபத்தானது.

எனினும், குருதி மிகுந்தால் மட்டும் காட்சி வலுப்பெற்றுவிடாது. 1985-இல் எலெம் கிளிமோவ் இயக்கிய சோவியத் படமான ‘கம் அண்ட் சீ’, நாஜிப் படையினர் பெலருஸ் கிராமத்து மக்களை ஒரு கட்டடத்தில் அடைத்து எரிப்பதைச் சொல்லும்போது, உள்ளே கருகும் உடல்களை நெருங்கிக் காட்டுவதில்லை. வெளியே கேட்கும் ஓலமும், கைதட்டிச் சிரிக்கும் படையினரும், அனைத்தையும் கண்டு உறைந்துபோன சிறுவனின் முகமுமே போதுமானவையாகின்றன.

எதிரியின் தலை சிதறுவதை மெதுவோட்டத்தில் காட்டி, அரங்கைக் கைதட்ட வைக்கும் படங்களுக்கு இந்த நியாயம் எதுவும் பொருந்தாது.