அக்காவும் ஆச்சி, அப்பாதான் அப்பச்சி

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றிய ஒரு பழைய வீட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ‘அப்பச்சி வர்றாக’ என்றார்கள். தாத்தா என்று நினைத்தேன், வந்தது அப்பா. புள்ளி, கிட்டங்கி, மங்கு என்று தினமும் புதுச் சொல் காதில் விழுகிறது. விருந்தினர்கள் அர்த்தம் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: உங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் அப்பச்சி என்றால் அப்பாதான். ஆச்சியும் அப்படியே. திருநெல்வேலியில் அது பாட்டி. இங்கே அக்காவும் ஆச்சி, மரியாதையாக அழைக்கிற எந்தப் பெண்ணும் ஆச்சி. முப்பது வயதுப் பெண்ணைத் தயங்காமல் அப்படிக் கூப்பிடலாம்.

‘நகரத்தார்’ என்றதும் விருந்தினர்கள் பட்டணத்துக்காரர் என்று எண்ணிக்கொள்வார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர், சபை என்பவை போல, வணிகர்கள் கூடும் அமைப்புக்கு ‘நகரம்’ என்று பெயர். அதிலிருந்து வந்தவர்கள் நகரத்தார். நாட்டுக்கோட்டை என்பதற்கு, நாட்டுப்புறத்தில் கோட்டை மாதிரி வீடு கட்டியவர்கள் என்று ஊரில் விளக்கம் சொல்வார்கள். அதை ஊர் வழக்கு என்றே சொல்லுங்கள், வரலாறு என்று சொல்லிவிடாதீர்கள்.

புள்ளி என்பது கணக்குச் சொல். இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று 9 கோயில்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணமானதும் தம்பதியை அந்தக் கோயில் கணக்கில் ஒரு புள்ளியாகச் சேர்ப்பார்கள். கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் தொழில் பார்த்த நீளமான கடைவீட்டுக்கு அந்தப் பெயர். ஒரே கூடத்தில் பல முதலாளிகளின் ஆட்கள், ஆளுக்கு ஒரு மரப்பெட்டியை முன்னால் வைத்துத் தரையில் உட்கார்ந்து வட்டிக் கடை நடத்தினார்கள். சமையல், தூக்கம் எல்லாம் அங்கேயே. வேலை பழகப் போன சிறுவன் ‘பெட்டியடிப் பையன்’, அவனுக்கு மேலே ‘அடுத்தாள்’, எல்லோருக்கும் மேலே ‘மேலாள்’. கிட்டங்கி வேறொன்றுமில்லை, நம் கிடங்குதான். மலாய்க்காரர்களின் ‘குடாங்’, ஆங்கிலேயர் சொன்ன ‘கோடவுன்’ ஆகியவையும் தமிழ், தெலுங்குப் பக்கத்து வேரிலிருந்து போனவை என்றே பலர் கருதுகிறார்கள். சரக்கு வைக்கும் இடத்தின் பெயர், கடல் தாண்டியபின் மனிதர்கள் தங்கும் இடத்தின் பெயராகிவிட்டது. விருந்தினர் யாராவது சிங்கப்பூரிலிருந்து வந்தால் இதை விடாமல் சொல்லுங்கள்.

மங்கு எதிர்த்திசையில் வந்தது. மலாயில் ‘மங்கோக்’ என்றால் கிண்ணம். பீங்கானும் எனாமல் பூசிய பாத்திரமும் கப்பலில் வந்தபோது பெயரும் கூடவே வந்து, ‘மங்குச் சாமான்’ ஆகிவிட்டது. அடுக்கிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து விருந்தினர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

அப்புறம், கவுனி அரிசி பரிமாறும்போதும் ஒன்று சொல்லலாம். அந்தக் கறுப்பு அரிசி பர்மாவோடு தொடர்புடையது. ஒட்டும் அரிசிக்குப் பர்மியர் சொல்லும் பெயர் ‘கௌக்ஞின்’. இரண்டையும் அடுத்தடுத்து உச்சரித்துக் காட்டுங்கள், மீதியை அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.