நின்டெண்டோ ஸ்விட்ச் ஒலியில் கரகரப்பும் உறுமலும்

வணக்கம். நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவியின் ஒலியை மானிட்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் இளஞ்சிவப்புத் துளைக்குக் கொண்டுவந்ததாகவும், கரகரப்போடு ஓயாத உறுமலும் கேட்பதாகவும் செங்கோட்டையிலிருந்து எழுதியிருந்தீர்கள்.

இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு உரியது. மிக மெல்லிய சிக்னலை எதிர்பார்த்து அது பெருக்குவதால்தான் ஒலி உடைகிறது. 3.5 மி.மீ. கேபிளை நீல நிற லைன்-இன் (வெளிக் கருவிகளின் ஒலியை உள்வாங்கும்) துளைக்கு மாற்றி, விண்டோஸின் ஒலி அமைப்புகளில் ரெக்கார்டிங் பகுதியில் லைன்-இன்னின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, 'லிசன் டு திஸ் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

உறுமலுக்குக் காரணம் பெரும்பாலும் எர்த் இணைப்பாக இருக்கும். புளியரையில் என் அறையிலும் இதே தொல்லை இருந்தது. கணினியையும் மானிட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியதும் பாதி அடங்கியது, மீதியைக் கேபிளின் நடுவே இணைத்த கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் (எர்த் வழியே வரும் உறுமலைத் தடுக்கும் சிறு கருவி) தீர்த்தது. உறுமலை நிறுத்துவதற்காக பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து.