அணையா அடுப்பும் திறக்காத கதவும்

கேள்வி: நான் ஓய்வு பெற்றவன். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் பூஜையும் தியானமும் உண்டு. அந்த நேரத்தில் வாசலில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன். யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனாலும் மனசுக்கு அமைதி இல்லை. நல்லவனாக இருப்பதற்கு ஆன்மிக சக்தி உண்டு என்கிறார்களே, அது உண்மைதானா?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: உண்மைதான். ஆனால் கெடுதல் செய்யாமல் இருப்பதையே நல்லது செய்வதாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். ‘யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்’ என்ற வரியை நான் மூன்று முறை படித்தேன். அதைப் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. காலை வேளையில் வாசலில் வந்து நிற்பவர் யார்? குப்பை எடுக்க வந்தவராக இருக்கலாம், ஒரு செம்பு தண்ணீர் கேட்பவராக இருக்கலாம். இரண்டு மணி நேரம் காத்திருக்க அவர்களால் முடியாது.

வடலூர் உங்களுக்குப் பக்கம்தான். வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில், சாதி மதம் கேட்காமல் பசித்தவருக்கெல்லாம் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. நாம் கூட்டம் கூட்டமாகப் போய் ஜோதி பார்க்கிறோமே, அந்த ஞானசபையில் வழிபாடு தொடங்கியதோ 1872 தைப்பூசத்தில்தான். நடுவில் நாலரை ஆண்டுக்கும் மேல். முதலில் அடுப்பு, அப்புறம்தான் ஜோதி. இந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஏனென்றால் அவர் சொன்ன ஜீவகாருண்யம் வெறும் தர்மக் கணக்கு அல்ல. எல்லா உயிரும் ஒரே இறைவனிடமிருந்து வந்த உறவு. அதனால் ஓர் உயிர் துன்பப்படுவதைப் பார்த்தால் இன்னோர் உயிர் தானாக உருகும். அந்த உருக்கமே வழிபாடு என்றார். உருகாவிட்டால்? படலம் விழுந்து ஒளி மங்கிய கண்போல ஆன்ம அறிவு மங்கிக் கிடக்கிறது என்றார். பசி தீர்ந்தவர் முகத்தில் வரும் மலர்ச்சியைக் கடவுள் விளக்கம் என்றே சொன்னார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தேடுவதை, சாப்பிட்டு எழுந்த ஒருவர் முகத்தில் பார்க்கலாம் என்று சொன்னவர் அவர்.

நான் ஒருமுறை தருமச்சாலைப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்தில் ஒரு பெரியவர். பரிமாறியவர் அவரிடம் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. சோறு போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று மட்டும் கேட்டார். பெரியவர் தலையை ஆட்டினார். எத்தனையோ சொற்பொழிவு கேட்டிருக்கிறேன். அந்த ஒரு கேள்வி செய்ததை அவை எனக்குள் செய்ததில்லை.

பூஜையை விடச் சொல்லவில்லை. அது உங்களுக்குப் பிடித்தது, செய்யுங்கள். நாளைக் காலையில் நடுவில் யாராவது கூப்பிட்டால் மட்டும் எழுந்து போய்க் கதவைத் திறங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள், முடிந்ததைக் கொடுங்கள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். அமைதி வந்ததா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாசலுக்கு வந்தவர்கள் யார் யார் என்று எனக்கு எழுதுங்கள்.