கிலோமீட்டருக்கு எவ்வளவு அடக்கம்? லாரி, டெம்போ கணக்குக் கேள்வி-பதில்

நாமக்கல்லில் இருபது வருஷத்துக்கும் மேலாக லாரி உரிமையாளர்களுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: வண்டிக்கு உண்மையில் என்ன செலவாகிறது?

அண்ணா, கோவையில் சொந்த மினி லாரியை நானே ஓட்டுகிறேன். மாதம் 2,400 கிலோமீட்டர் ஓடி 48,000 வாடகை வருகிறது. டீசல் 15,400, வண்டிக் கடனுக்கான மாதத் தவணை (ட்யூ) 15,500 போக 17,100 நிற்கிறது. ஆனாலும் இன்சூரன்ஸ் கட்டும் மாதம் வந்தால் கடன் வாங்குகிறேன். எங்கே ஓட்டை?

தம்பி, டீசலும் ட்யூவும் கண்ணுக்குத் தெரியும் செலவு. பெட்ரோல் பங்கில் கொடுக்கிறோம், பேங்கில் போகிறது, தெரிந்துவிடுகிறது. மீதி எல்லாம் சத்தமில்லாமல் போகும்.

இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), மற்ற பேப்பர் செலவெல்லாம் வருஷத்துக்கு 42,000 என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 3,500. நான்கு டயர் 22,000 ரூபாய், 40,000 கிலோமீட்டர் வரும் என்றால் கிலோமீட்டருக்கு 55 பைசா, மாதம் 1,320. ஆயில், பிரேக், கிளட்ச், பட்டை (ஸ்பிரிங்) வேலைக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய் ஒதுக்குங்கள், மாதம் 3,000. இதெல்லாம் கழித்தால் கையில் நிற்பது 9,280தான். நீங்கள் 17,100 என்று நம்பி வீட்டுச் செலவு செய்கிறீர்கள். அதனால்தான் இன்சூரன்ஸ் மாதம் இடிக்கிறது.

இது கைக்காசுக் கணக்கு. உண்மையான அடக்கம் வேறு. அதில் ட்யூவை அப்படியே எழுதக் கூடாது, ஏனென்றால் ட்யூவில் அசலும் இருக்கிறது, அது வண்டியாக உங்களிடமே நிற்கிறது. அதற்குப் பதில் வட்டியையும் தேய்மானத்தையும் எழுத வேண்டும். 6 லட்சம் கடனுக்கு 48 ட்யூ கட்டினால் 7,44,000. வட்டி மட்டும் 1,44,000, மாதம் 3,000. ஏழரை லட்சத்துக்கு வாங்கிய வண்டி ஆறு வருஷம் கழித்து இரண்டரை லட்சத்துக்குப் போகும் என்று வைத்தால் தேய்மானம் 5 லட்சம், மாதம் சுமார் 6,950.

இப்போது கூட்டுங்கள்: டீசல் 15,400, வட்டி 3,000, தேய்மானம் 6,950, பேப்பர் 3,500, டயர் 1,320, ரிப்பேர் 3,000. மொத்தம் 33,170. வாடகையில் இது போனால் 14,830. ஒரு டிரைவரை வைத்தால் 18,000 கொடுப்பீர்கள் அல்லவா? அதையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 21 ரூபாய் 30 பைசா அடக்கம். உங்களுக்கு வருவது 20 ரூபாய். அதாவது அடுத்தவர் வண்டியை ஓட்டினால் கிடைக்கும் சம்பளம்கூட உங்கள் சொந்த வண்டியில் உங்களுக்குக் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் தெரிந்துகொண்டு வாடகை பேசுவது நல்லது.

சார், என் வீட்டுக்காரர் சேலத்தில் 14 அடி லாரி வைத்திருக்கிறார். சென்னையில் இறக்கிவிட்டு, கிடைத்த வாடகைக்கு ரிட்டர்ன் லோடு ஏற்றிக்கொண்டு வருகிறார். காலியாக வருவதைவிட லாபம் என்கிறார். சரியா?

எத்தனை நாள் காத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது, அம்மா. சென்னையிலிருந்து சேலம் ஏறக்குறைய 345 கிலோமீட்டர். காலியாக லிட்டருக்கு 8 கிலோமீட்டர், லோடோடு 6.5 கொடுத்தால் கூடுதலாக 10 லிட்டர் டீசல், லிட்டர் 93 என்று வைத்தால் 930 ரூபாய். புக்கிங் கமிஷன், ஏற்று கூலி 800 என்று வைப்போம். உடனே லோடு கிடைத்தால் 4,500 ரூபாய் வாடகை நல்ல வாடகைதான். ஒரு நாள் காத்திருந்தால் வண்டியின் ஒரு நாள் நிலைச் செலவு 2,000, டிரைவர் பேட்டா 600 சேர்ந்து செலவு 4,330 ஆகிவிடும். இரண்டு நாள் நின்றால் நஷ்டம். வண்டி நிற்கும்போதும் வட்டியும் இன்சூரன்ஸும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். லோடு சீட்டுக்குப் பக்கத்திலேயே காத்திருந்த மணி நேரத்தையும் எழுதி வையுங்கள். போகும் வாடகையைப் பேசும்போதே காலியாகத் திரும்பும் செலவையும் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

ரீட்ரேட் டயர் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) போட்டால் மிச்சமா? (ராசிபுரம்)

பின் வீல்களுக்கு மிச்சம்தான். பெரிய லாரிக்குப் புது டயர் ஒன்று 22,000 ரூபாய், 70,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 31 பைசா. ரீட்ரேட் 7,000 ரூபாய்க்கு 40,000 ஓடினால் பதினேழரைப் பைசா. முன் வீலில் மட்டும் வேண்டவே வேண்டாம். அது வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

ஆனால் டயர்க் காசு அதிகம் போவது காற்றில். ஜோடி வீலில் உள் டயரைக் குனிந்து யாரும் பார்ப்பதில்லை. வீல் ஸ்பானரால் தட்டினால் காற்று சரியாக இருக்கும் டயர் ‘டங்’கென்று துள்ளும், குறைந்தது ‘டப்’பென்று அமுங்கும். நான் வண்டி வைத்திருந்த காலத்தில் ஒரு நாள் அந்த ‘டப்’பைக் கேட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உள் டயர் சுமக்காத பாரத்தை வெளி டயர் சுமந்து சூடேறி, ஓசூர் தாண்டுவதற்குள் இரண்டுமே போய்விட்டன. இப்போது ஒவ்வொரு டிரைவரிடமும் தட்டிவிட்டுக் கிளம்பச் சொல்கிறேன்.

பத்து வீல் லாரி. பார்ட்டி 4 டன் கூடுதலாக ஏற்றினால் 5,000 அதிகம் தருகிறார். ஏற்றலாமா?

கூடாது. பத்து வீல் என்றால் மூன்று ஆக்சில், அதற்கு வண்டி எடையோடு சேர்த்து 28.5 டன், 2018இல் ஏற்கெனவே உயர்த்திக் கொடுத்த அளவு அது. அதற்கு மேல் பிடிபட்டால் 20,000, கூடவே டன்னுக்கு 2,000. உங்கள் 4 டன்னுக்கு 28,000 ரூபாய், சரக்கையும் அங்கேயே இறக்க வேண்டும். பிடிபடாவிட்டாலும் பட்டையும் பேரிங்கும் டயரும் அந்த 5,000ஐத் தின்றுவிடும்.

பணத்தை விடுங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் உங்களுக்குத் தெரியும். கூடுதல் பாரத்தில் பிரேக் டிரம் சூடாகிப் பிடிக்காமல் போனால் முன்னால் போகும் காரில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அந்த வாடகையை விட்டுவிடுங்கள்.

பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டிக்கு, புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்ப்ளூ திரவத்தைத் தனியாக எழுத வேண்டுமா?

ஆமாம், டீசலோடு கலக்காமல் தனி வரியில். போட்ட லிட்டரும் கிலோமீட்டரும் இருந்தால், திடீரென்று அதிகம் குடிக்கும்போது கோளாறு தெரியும். தண்ணீர் கலந்து ஓட்டிப் பார்க்காதீர்கள், சைலன்சர் பக்கச் செலவு பெரிது.

வருமான வரிக்கு வண்டிக்கு மாதம் 7,500 லாபம் என்று காட்டுகிறேன். அதையே என் லாபமாக எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பத்து வண்டி வரை வைத்திருப்பவர்கள் விரிவாகக் கணக்கு எழுதாமலிருக்கக் கொடுத்த சலுகை அது, 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மாதம் டன்னுக்கு 1,000. உங்கள் வண்டி உண்மையில் என்ன சம்பாதித்தது என்று அதற்குத் தெரியாது. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போடுங்கள். டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் மீட்டர் எண், லிட்டர், லோடா காலியா, இந்த மூன்றையும் டிரைவர் எழுதட்டும். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், அடக்கத்தை நான் போட்டுத் தருகிறேன்.