நான்கு கோடும் இருக்கிறது, நெட் எங்கே?

கேள்வி: எங்களுடையது செம்பூரில் ஒன் பி.எச்.கே. வீடு. மகன் மேஜைக் கணினியில் ஆன்லைன் டியூஷன் படிக்கிறான். பகலில் ஒழுங்காக இருக்கும் வைஃபை, ராத்திரி எட்டு மணியானால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கோடு நான்கும் முழுசாகத்தான் காட்டுகிறது. கஸ்டமர் கேரில் ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார்கள், ரிப்பேர்காரர் புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, செம்பூர்

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சும் வேண்டாம். அந்த நான்கு கோடு, கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைத்தான் காட்டும்; தெருவில் வயர் அறுந்து தொங்கினாலும் அது பாட்டுக்கு நான்காகவே நிற்கும். அதனால் கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று முதலில் பிரித்துவிடுங்கள்.

ஃபைபர் கனெக்‌ஷன் என்றால், அந்த வயர் வந்து சேரும் பெட்டியில் எல்.ஓ.எஸ். (LOS) என்று எழுதிய விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை, கம்பெனிக்காரர் வந்துதான் ஆக வேண்டும். எரியவில்லையா? சரி, வகுப்பு நின்றுபோகும் அந்த நேரத்திலேயே கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற, கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையைத் திறந்து, பிங் (ping) என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியைப் போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். பதில் சில மில்லிசெகண்டில் வந்தால் வீட்டுக்குள் வழி சுத்தம், கஸ்டமர் கேரோடு தைரியமாகச் சண்டை போடலாம். 200, 300 என்று எகிறினாலோ பதிலே வராவிட்டாலோ கோளாறு உங்கள் கூரைக்குக் கீழேதான்.

எட்டு மணி என்று படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். பில்டிங் முழுக்க ஆபீஸ் விட்டு வந்து வீடியோ பார்க்கிற நேரம் அது. வைஃபை பட்டியலைத் திறந்தால் சொசைட்டியின் பெயர்ப்பலகை மாதிரி இருபது பேர் நிற்பார்கள். வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 13 சேனல் இருந்தாலும் ஒன்றோடொன்று இடிக்காமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்றுதான், இருபது வீடும் அதற்குள் முண்டியடிக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு நீங்கள் சாம்பார் சுடவைக்கிற மைக்ரோவேவும் அதே அலைவரிசையில்தான் இரைகிறது. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் கணினியை அதற்கு மாற்றுங்கள், அங்கே இவ்வளவு நெரிசல் கிடையாது. ஒரே குறை, சுவர் தாண்டினால் அது சீக்கிரம் சோர்ந்துவிடும்.

அதனால் ரவுட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். எங்கள் மாட்டுங்கா வீட்டில் கனெக்‌ஷன் கொடுக்க வந்த பையன், வயர் மிச்சம் பிடிக்க, ரவுட்டரை வாசல் பரண்மேல் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனான். நேர் கீழே கண்ணாடி பதித்த இரும்பு பீரோ வேறு. மூன்று மாதம் கணினியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பொங்கலுக்கு அண்டாவை இறக்கிய அன்று நெட் பறந்தது, வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

இன்னொன்று. உங்கள் கணினியின் பின்பக்கம் விரல்நுனி அளவு வைஃபை டாங்கிள் செருகியிருக்கிறதா? அப்படியென்றால் அது இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து யுஎஸ்பி 3.0 துளையில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் இன்னும் மோசம், அதில் டேட்டா ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 அலைவரிசையிலேயே வந்து விழுகிறது. லேமிங்டன் ரோட்டில் ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி டாங்கிளை மேஜைமேல் கொண்டுவாருங்கள். அது 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்காத பழைய டாங்கிள் என்றால் பிடிக்கிற ஒன்றை வாங்குங்கள், கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாம். என்னைக் கேட்டால், நகராமல் ஒரே இடத்தில் நிற்கிற கணினிக்கு வைஃபையே எதற்கு? ரவுட்டரிலிருந்து கணினிக்குச் சுவரோரமாக ஒரு லேன் வயர் இழுத்துவிட்டால் இந்தப் பதிலே தேவையில்லை.

கேள்வி: திருநெல்வேலிக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வந்தேன். பழைய கணினி வைஃபையில் சேருகிறது, ஆனால் பேங்க், மெயில் எதைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று மிரட்டுகிறது. போனில் எல்லாம் வருகிறதே?
- வாசகர், முலுண்டு

பதில்: திரையின் கீழ்மூலையில் தேதியைப் பாருங்கள். வருஷம் பின்னால் போயிருக்கும். ஊருக்குப் போகும்போது மெயின் ஸ்விட்சை அணைத்திருப்பீர்கள், உள்ளே இருக்கும் காசு போன்ற பேட்டரி தீர்ந்திருப்பதால் கடிகாரம் நின்றுபோனது. தளங்கள் தாங்கள் அசல்தான் என்று கணினிக்குக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. கணினி வேறு வருஷத்தில் இருந்தால் எதையும் நம்பாது. தேதியைத் திருத்துங்கள், பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலும் சிஆர்2032 என்ற ரகம்தான், இரண்டு மூன்று வடாபாவ் விலை. தேதி சரியாக இருந்தும் மிரட்டினால், அதை மீறி உள்ளே போய் பேங்க் பாஸ்வேர்டைத் தட்டிவிடாதீர்கள்.

கேள்வி: லேப்டாப்பை மூடித் திறந்தால் வைஃபை காணாமல் போகிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் வருகிறது.
- வாசகர், தாராவி

பதில்: மின்சாரம் மிச்சப்படுத்துகிறேன் என்று விண்டோஸ், லேப்டாப்புக்குள் வைஃபை பிடிக்கிற அடாப்டரைத் தூங்கவைத்துவிட்டு எழுப்ப மறக்கிறது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் பட்டியலில் வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் முதலில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கமே இல்லையென்றால் லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து அந்த அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதிதாக இறக்கிப் போடுங்கள்.