பால் கொடுத்தால் உயிர் போகிற வலி: பாலூட்டல் ஆலோசகர் என்ன செய்வார்?

கேள்வி: டாக்டர், எனக்குப் பெண் குழந்தை பிறந்து 12 நாள் ஆகிறது. பிறந்தபோது 3 கிலோ. நேற்று எடை போட்டதில் 2 கிலோ 850 கிராம். வாய் வைத்தாலே உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. முக்கால் மணி நேரம் குடித்த பிறகும் அழுகிறாள். சிறுநீர் ஒரு நாளைக்கு ஆறேழு முறை போகிறாள். வேறு வழி தெரியாமல் இரவில் ஒரு வேளை பவுடர் பால் கொடுக்கிறோம். குழந்தை டாக்டர், லாக்டேஷன் கன்சல்டன்ட்டைப் பார்க்கச் சொல்கிறார். அங்கே என்ன செய்வார்கள்? பவுடர் பால் கொடுத்ததற்குக் கோபித்துக்கொள்வார்களா? கணவரும் உடன் வரலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கணவர் தாராளமாக வரலாம், வரட்டும். தூக்கமில்லாமல் தவிக்கும் உங்கள் காதில் சொன்னதில் பாதிதான் ஏறும். மீதியை அவர் கேட்டு வைத்துக்கொள்வார்.

கோபித்துக்கொள்வார்களா என்று நீங்கள் கேட்டிருப்பதைப் படித்தபோது மனம் கனத்தது. எடை ஏறாத குழந்தைக்கு ஒரு வேளை கூடுதலாகப் பால் கொடுத்திருக்கிறீர்கள். அந்த நேரத்துக்கு அது சரியான முடிவுதான். நல்ல ஆலோசகருக்கு முதல் வேலையே குழந்தையின் பசியை ஆற்றுவது. பால் சுரப்பைக் காப்பாற்றுவதும், குழந்தை மார்பைக் கவ்வும் பிடியைத் திருத்துவதும் அதற்கு அடுத்துதான். அதனால் எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். உங்களைக் குற்றம் செய்தவர்போல் உட்காரவைத்துப் பேசினால், வேறு ஒருவரிடம் போய்விடுங்கள்.

முதல் சந்திப்பு பத்து நிமிடத்தில் முடியாது. ஒரு மணி நேரம், சில சமயம் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். முதலில் நிறையக் கேட்பார்: சுகப்பிரசவமா சிசேரியனா, ரத்தம் அதிகம் போனதா, தைராய்டு, பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) உண்டா, மார்பில் முன்பு அறுவை சிகிச்சை நடந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம். சம்பந்தமில்லாத கேள்விகள்போல் தோன்றும். எல்லாமே சுரப்போடு தொடர்புள்ளவை. நஞ்சுக்கொடியின் சிறு துண்டு கர்ப்பப்பையில் தங்கிவிட்டால்கூடப் பால் இறங்கத் தாமதமாகும். அப்படி ஏதும் சந்தேகம் வந்தால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்.

குழந்தையின் உடையைக் கழற்றி எடை போடுவார். கையுறை போட்ட விரலை வாயில் விட்டு, நாக்கு எவ்வளவு நீள்கிறது, எப்படிச் சப்புகிறாள் என்று பார்ப்பார். உங்கள் மார்பையும் பார்க்க வேண்டியிருக்கும். தொடுவதற்கு முன் உங்களைக் கேட்பது அவர் கடமை. கூச்சமாக இருந்தால் சொல்லிவிடுங்கள். கை வைக்காமலே சொல்லித்தர முடியும்.

இவ்வளவும் முன்வேலைதான். நீங்கள் பால் கொடுப்பதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதற்காகத்தான் போகிறீர்கள். பார்க்காமலே புத்திமதி சொல்ல நம்மைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். குழந்தை கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கிறாளா, முகவாய் மார்பில் பதிகிறதா, காம்போடு சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகிறதா என்று கவனிப்பார். தொடக்கத்தில் படபடவென்று சப்பும் குழந்தை, பால் இறங்கியதும் நிதானமாக, ஆழமாக இழுக்கும். தாடை ஒரு கணம் நிற்கும். மெல்ல ‘க்’ என்று விழுங்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். குழந்தை வாயை எடுத்த உடனே காம்பு எப்படி இருக்கிறது? உருண்டையாக இருந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக் முனைபோல் ஒரு பக்கம் சரிந்து, நசுங்கி, வெளுத்திருந்தால் பிடி ஆழமாக இல்லை. நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் காம்பு நெரிபடுகிறது. முதல் சில நாட்களில், வாய் வைத்த சில விநாடிகள் மட்டும் சுருக்கென்று இருப்பது உண்டு. உங்களுக்கு 12-ம் நாளிலும் இவ்வளவு வலி என்றால், பொறுத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். வலி, அடங்காத பசி, ஏறாத எடை மூன்றுக்கும் இந்தப் பிடியே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

திருத்தம் பல சமயம் மிகச் சின்னது. குழந்தையின் வயிறு உங்கள் உடம்போடு ஒட்டியிருக்க, காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் வர, மூக்கு காம்புக்கு நேராக இருக்கும்படி அணைக்கச் சொல்வார். மார்பைத் தூக்கிக்கொண்டு நீங்கள் குனியக் கூடாது, குழந்தைதான் மார்புக்கு வர வேண்டும். பால் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் நுட்பமான தராசில் எடை போட்டு எவ்வளவு குடித்தாள் என்றும் பார்க்கலாம். ஒரு வேளையில் குறைவாக இருந்தால் பதற வேண்டாம்; வேளைக்கு வேளை மாறும்.

நாக்குக்கு அடியில் உள்ள சவ்வு இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னால், உடனே வெட்டச் சம்மதிக்காதீர்கள். பிடியைத் திருத்திப் பார்த்தும் பலன் இல்லையென்றால் மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம்.

திரும்பும்போது கையில் ஒரு திட்டம் இருக்க வேண்டும். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். அதனால் பவுடர் பால் கொடுக்கும் வேளையில் பம்ப் வைத்தோ கையாலோ பால் எடுக்கச் சொல்வார். பம்ப்பின் புனல் உங்கள் காம்பின் அளவுக்குப் பொருந்துகிறதா என்றும் பார்ப்பார். பொருந்தாத புனலே புண்ணாக்கும். ஒரே சந்திப்பில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில நாட்களில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். முழுக்கத் தாய்ப்பால்தான் வேண்டுமா, கலந்து கொடுத்தால் போதுமா என்பது உங்கள் விருப்பம். அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யாரிடம் போவது? பாலூட்டல் ஆலோசகர்களுக்கான ஐ.பி.சி.எல்.சி. என்ற சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 1985-ல் தொடங்கிய சர்வதேசத் தேர்வில் தேறியவர்களுக்குக் கிடைப்பது அது. 5 ஆண்டுக்கு ஒரு முறை சான்றைப் புதுப்பிக்க வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகள் 10 முதல் 14 நாட்களுக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிடுவார்கள். பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறுவார்கள். உங்கள் மகளுக்கு இன்னும் 150 கிராம் பாக்கி. சிறுநீர் ஆறேழு முறை போவது ஆறுதலான செய்தி. ஆனாலும் இரண்டு மூன்று நாளுக்குள் போய்விடுங்கள். அதுவரை கூடுதல் பாலை நிறுத்த வேண்டாம். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கொடுங்கள்.

எழுப்பினாலும் எழாமல் குழந்தை துவண்டு கிடந்தால், சிறுநீர் குறைந்தால், தோலில் மஞ்சள் நிறம் கூடினால், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தால் ஆலோசகருக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உங்களுக்கே காய்ச்சலோடு மார்பில் ஒரு பகுதி சிவந்து வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பால் கொடுப்பதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

போகும்போது, அவளுக்குப் பசி எடுக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். வயிறு நிறைந்து தூங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு அவரால் பிடியைப் பார்க்க முடியாது.