நெட்ஸ்கேப் பங்கு ஏன் அப்படி ஆடியது?

இணையப் பக்கங்களைத் திறக்கும் உலாவியை ஏறக்குறைய இலவசமாகத் தந்த நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பங்குக்கு 1995இல் ஏன் அவ்வளவு மவுசு என்று கேட்டிருக்கிறீர்கள். விடை அலுவலகங்களுக்குள் இருக்கிறது.

முதலில் பங்கு சந்தைக்கு வந்த நாளைப் பார்ப்போம். 1995 ஆகஸ்ட் 9. வெளியீட்டு விலை 28 டாலர். ஆனால் சந்தையில் முதல் வர்த்தகமே 71 டாலரில்தான் நடந்தது. 75 டாலரை நெருங்கிவிட்டு, 58.25இல் முடிந்தது. 28 டாலருக்குப் பங்கு பெற்றவர்கள் பெரும்பாலும் பெரிய நிதி நிறுவனங்கள். காலையில் தரகரிடம் "என்ன விலையானாலும் வாங்குங்கள்" என்று சொன்ன சிறு முதலீட்டாளர் மாலைக்குள் நஷ்டத்தில் நின்றார். இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அதற்குப் பிறகும் விலை ஏறியதற்குப் பெரிய காரணம் இன்ட்ராநெட். நிறுவனத்துக்குள் பக்கங்களை வழங்கும் ஒரு வலைச் சர்வர், ஊழியர் மேசைகளில் உலாவி, வெளியார் நுழையாதபடி ஒரு ஃபயர்வால்: அமைப்பு இவ்வளவுதான். தொலைபேசிப் பட்டியலும் விடுப்பு விதிகளும் அச்சடிக்காமலே எல்லோருக்கும் கிடைத்தன. விண்டோஸ், மெக்கின்டாஷ், யூனிக்ஸ் என எந்தக் கணினியிலும் ஒரே பக்கம் திறந்தது. சர்வர் மென்பொருளுக்கும் உலாவி உரிமங்களுக்கும் நிறுவனங்கள் பணம் கொடுத்தன.

அந்த வருமானத்தில்தான் மைக்ரோசாஃப்ட் கை வைத்தது. 1995 டிசம்பர் 7இல் தன் இணையத் திட்டத்தை அறிவித்தது. நெட்ஸ்கேப் பங்கு சரிந்தது. 1996இல் மைக்ரோசாஃப்டின் இயங்குதளமான விண்டோஸ் என்டி 4.0 உடனேயே வலைச் சர்வர் வந்துவிட்டது. தனியாகக் காசு கொடுத்து வாங்க யார் முன்வருவார்கள்? 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் தன் உலாவியை எல்லோருக்கும் இலவசமாக்கியது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் நெட்ஸ்கேப் நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது.